பெருக்காத ஒலிபெருக்கி – நிலைமின் ஸ்பீக்கர்: ஒரு திறனாய்வு

ஒரு பொருளின் பெயரே அதன் இயல்பை மறைத்துவிடுவது உண்டு. ஆங்கிலத்தில் ‘லவுட்ஸ்பீக்கர்’ என்றால் உரக்கப் பேசுவது. தமிழில் நாம் ‘ஒலிபெருக்கி’ என்றோம். இரண்டு பெயருமே சத்தத்தைத்தான் முன்னே நிறுத்துகின்றன. திருவிழாவில் மரக்கிளையில் கட்டும் குழாய் ஸ்பீக்கருக்கு இப்பெயர் மிகவும் பொருத்தம். ஆனால் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்கும்போது நமக்கு வேண்டியது பெருக்கமா, பிழையில்லாத ஒலியா? கடைக்குப் போனால் விற்பவர் முதலில் சொல்வது ‘எத்தனை வாட்ஸ்’ என்ற கணக்குதான். துணி வாங்கப் போனவனிடம் துணியின் எடையை மட்டும் சொல்லி விற்பது போல இருக்கிறது இது!

இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டவை இங்கிலாந்தில் க்வாட் என்ற பெயரில் செய்யப்பட்ட இரண்டு நிலைமின் ஒலிபெருக்கிகள். ஒன்று 1957-இல் விற்பனைக்கு வந்தது. மற்றொன்று 1981-இல் வந்தது. இவற்றைப் பற்றி இசைப்பிரியர்களிடையே இரண்டு விதப் பேச்சு நிலவுகிறது. ‘இதற்கு மேல் ஒன்றுமில்லை’ என்பார் ஒரு சாரார். ‘சத்தமும் இல்லை, அடித்தொனியும் இல்லை, விலையோ யானை விலை’ என்பார் மறு சாரார். இருவருமே பாதிதான் சொல்கிறார்கள் என்பது என் கருத்து. இக்கருவியின் குறைகளில் ஒரு பங்கு, அதன் நேர்மைக்காக அதைச் செய்தவர் தெரிந்தே கொடுத்த விலை. மறு பங்கு, அதை வீட்டில் வைப்பவர் செய்யும் தவறு. இதை நிறுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டியின் சொந்தக் குரல்

முதலில் நம் வீடுகளில் உள்ள சாதாரண ஸ்பீக்கரைப் பார்ப்போம். ஒரு காகிதக் கூம்பு. அதன் நடுவில் ஒரு கம்பிச்சுருள். பின்னால் ஒரு காந்தம். சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது, கூம்பையும் அசைக்கிறது. 1925-இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் இம்முறையை வகுத்துக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றுவரை உலகில் விற்கும் ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவையே.

இதில் இரண்டு சிக்கல்கள். தள்ளும் விசை கூம்பின் நடுவில்தான் விழுகிறது. ஓரம் சற்றுத் தாமதித்தே பின்தொடர்கிறது. வேகமான ஒலிகளில் கூம்பின் ஒரு பகுதி முன்னே போகும்போது இன்னொரு பகுதி பின்னே வரும். இரண்டாவது சிக்கல் பெட்டி. கூம்பின் பின்புறத்து ஒலியை அடக்க ஒரு மரப்பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி சும்மா இருக்காது.

பாத்திர வியாபாரம் செய்கிறவனுக்கு இது நன்றாகப் புரியும். பித்தளைக் குடம் வாங்க வருகிற அம்மா முதலில் என்ன செய்வாங்க? விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவாங்க. ‘டங்’ என்று நீண்டு ஒலித்தால் குடம் நல்லது. ‘டொக்’ என்றால் எங்கோ விரிசல். ஆக, எந்தப் பாத்திரத்துக்கும் ஒரு சொந்தக் குரல் உண்டு. மரப்பெட்டிக்கும் அப்படித்தான். ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிப் பாருங்கள், ஒரு சுருதி கேட்கும். பாடகர் எந்தப் பாட்டைப் பாடினாலும் அந்தப் பெட்டியின் சுருதி கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஆண் குரலுக்கு இல்லாத ஒரு ‘கும்’ வந்து சேர்வது பெரும்பாலும் இதனால்தான். குடத்துக்கு அந்த ஓசை பெருமை; ஸ்பீக்கருக்கு அது கலப்படம்.

படலமும் மின்னும்

நிலைமின் ஸ்பீக்கரில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை, பெட்டியும் இல்லை. துளைகள் உள்ள இரண்டு தகடுகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவில் இரண்டு பக்கமும் சிறு இடைவெளி விட்டு, மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் தம்பட்டத் தோல் போல இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. படலத்தின் மேல் மின்னேற்பதற்கு ஒரு பூச்சு. அதற்குப் பல ஆயிரம் வோல்ட் நிலையான மின்னழுத்தம் ஏற்றப்படுகிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் இசைச் சமிக்ஞை ஒரு மின்மாற்றி வழியே உயர்ந்து இரண்டு தகடுகளுக்கும் போகிறது. ஒரு தகடு படலத்தை இழுக்கும்போது மறு தகடு தள்ளுகிறது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுப்பது பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்த வேடிக்கைதானே? தத்துவம் அதுவே.

அந்தப் படலத்தின் எடையை நான் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 மைக்ரான் கனமுள்ள பாலியெஸ்டர் படலம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 8 கிராம். அதே பரப்பில் 7 மில்லிமீட்டர் கனமுள்ள காற்றும் ஏறக்குறைய 8 கிராம்தான் வரும்! அதாவது இந்த ஸ்பீக்கரில் அசைகிற பொருள், தான் தள்ளவேண்டிய காற்றை விடக் கனமானதில்லை என்றே சொல்லலாம். நில் என்றால் உடனே நிற்கும், போ என்றால் உடனே போகும். விசை பரப்பு முழுவதும் ஒரே அளவில் விழுவதால் நடுவும் ஓரமும் சேர்ந்தே அசைகின்றன.

ஒரு நுட்பம் மட்டும் இங்கே முக்கியம். படலம் ஒரு தகட்டை நெருங்கும்போது இழுவை கூடிவிட்டால் ஒலி திரிந்துவிடும். இதற்கு வழி, படலத்தில் ஏறிய மின்னூட்டம் ஓடிப் பரவாமல் அங்கங்கே அப்படியே நிற்கச் செய்வது. பூச்சின் மின்தடையை மிக மிக அதிகமாக வைத்தால் இசையின் வேகத்துக்கு மின்னூட்டம் நகர முடியாது. மின்னூட்டம் மாறாமல் நின்றால், படலம் இடைவெளியில் எங்கே இருந்தாலும் விசை ஒரே கணக்கில் இருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹண்ட் என்ற பேராசிரியர் 1954-இல் வெளியிட்ட நூலில் இந்தத் தத்துவத்தை விளக்கினார். பீட்டர் வாக்கர் 1955-இல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் மூன்று கட்டுரைகளில் இதை முழு அளவு ஸ்பீக்கருக்குப் பொருத்திக் காட்டினார். மூலத் தத்துவம் பழையதுதான். அதைக் கூடத்தில் வைக்கத்தக்க பொருளாக்கியதே வாக்கரின் சாதனை.

ஹண்டிங்டன் பட்டறை

பீட்டர் வாக்கர் 1936-இல் லண்டனில் ‘அக்கூஸ்டிக்கல் மேனுஃபாக்சரிங் கம்பெனி’ என்ற பெயரில் தொழில் தொடங்கினார். உலகப்போர்க் காலத்தில் 1941-இல் ஹண்டிங்டன் என்ற சிற்றூருக்குப் பட்டறையை மாற்றினார். க்வாட் என்பது முதலில் அவருடைய ஆம்ப்ளிஃபயருக்கு வைத்த பெயர். பிறகு கம்பெனிக்கே அது பெயராகிவிட்டது. டி.டி.என். வில்லியம்சன் என்ற பொறியாளர் துணையோடு அவர் உருவாக்கிய நிலைமின் ஸ்பீக்கர் 1957-இல் விற்பனைக்கு வந்தது. 1985 வரை 28 ஆண்டுகள் அது உற்பத்தியில் இருந்தது. அந்நாளில் அதன் பெயர் வெறும் ‘இ.எஸ்.எல்.’ மட்டுமே. அடுத்தது வந்த பிறகு அடையாளத்துக்காக ரசிகர்கள் ‘57’ என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பார்வைக்கு அது அறை சூடேற்றும் ஹீட்டர் மாதிரி இருக்கும். குட்டையான மூன்று கால்கள், முன்னால் ஓட்டைகள் போட்ட உலோக வலை, சற்றே வளைந்த அகலமான உடம்பு. உள்ளே மூன்று பலகைகள். இரு பக்கமும் அடித்தொனிக்கு, நடுவில் நடுத்தொனிக்கும் மேல்தொனிக்கும். அடித்தொனிப் பலகைகளுக்கு 6,000 வோல்ட். நடுப்பலகைக்கு 1,500 வோல்ட்.

இதில் மனிதக் குரலைக் கேட்டவர்கள் ஏன் மயங்கினார்கள் என்பதற்கு விளக்கம் மேலே சொல்லியாயிற்று. குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அடித்தொனி சுமார் 45 ஹெர்ட்ஸுக்குக் கீழே இல்லை. ஓர் அளவுக்கு மேல் சத்தம் வைத்தால் மேல்தொனிப் பலகையில் மின்பொறி பாய்ந்து படலம் பொசுங்கிவிடும். வாக்கருடைய 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே இதற்குப் போதும். இன்றைய 200 வாட் ஆம்ப்ளிஃபயரை மாட்டி முறுக்கினால் அன்றோடு கதை முடிந்தது. மேல்தொனி ஒரு கற்றை போல நேராகவே போவதால், ஒருவர் உட்காரும் இடத்தில் கிடைக்கும் இசை பக்கத்து நாற்காலியில் கிடைக்காது. குடும்பமாக உட்கார்ந்து கேட்கும் வீட்டுக்கு இது பெரிய குறை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958-இல்தான் சந்தைக்கு வந்தன. ஆகவே 57 ஒற்றை ஸ்பீக்கராக அறையில் நிற்கப் பிறந்த கருவி. இரண்டாக ஜோடி சேர்த்தபோது அது இவ்வளவு பொருந்தியது என்பது அதன் அடிப்படை எவ்வளவு செம்மையானது என்பதைக் காட்டுகிறது.

பதினெட்டு ஆண்டு

57-இன் குறைகளை வாக்கர் மற்றவர்களை விட நன்றாக அறிந்திருந்தார். 1963-இல் அடுத்ததற்கான வேலையைத் தொடங்கினார். அதனால்தான் அதற்கு இ.எஸ்.எல். 63 என்று பெயர். அது கடைக்கு வந்தது 1981-இல்! ஆண்டுக்கு ஒரு மாடல் போடும் வியாபார உலகில் ஒரு பொருளுக்கு 18 ஆண்டு காத்திருந்த முதலாளியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. முதலைப் போட்டுவிட்டு வட்டி எண்ணாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

காத்திருந்து அவர் கண்ட தீர்வு அழகானது. குளத்தில் ஒரு கல்லைப் போட்டால் வட்டம் வட்டமாக அலை விரிகிறது அல்லவா? ஒரு பாடகரின் வாயிலிருந்து வரும் ஒலியும் அப்படித்தான் கோளமாக விரிகிறது. ஆனால் தட்டையான பெரிய படலம் முழுவதும் ஒரே நேரத்தில் அசைந்தால் ஒலி சுவர் போல நேராகப் போகும். வாக்கர் நடுப்பகுதித் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்களாகப் பிரித்தார். சமிக்ஞை முதலில் நடு வட்டத்துக்குப் போகும். பிறகு கம்பிச்சுருள்களால் ஆன தாமதப்படுத்தும் சுற்று வழியே அடுத்த வளையத்துக்கு, அதற்கடுத்த வளையத்துக்கு என்று நுண்நொடிக் கணக்கில் தாமதித்துப் போகும். தட்டையான படலத்தின் மேல் குளத்து அலை போல ஒலி விரிகிறது. கேட்பவர் காதுக்கு, படலத்துக்குப் பின்னால் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு புள்ளியிலிருந்து ஒலி பிறப்பது போலத் தோன்றும். ஒருவர் மட்டும் கேட்கும் கருவி, மூவர் சேர்ந்து கேட்கத்தக்கதாக ஆயிற்று.

பாதுகாப்பும் கூடியது. உள்ளே மின்பொறி தோன்றப் போகிறது என்றால் அதை உணர்ந்து சமிக்ஞையைத் தடுத்துவிடும் சுற்று ஒன்று இதில் உண்டு. சத்தப் பிரியர்கள் வீட்டிலும் இது உயிர் பிழைக்கும்.

57-ஐ வழிபடுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள்: ‘63 எல்லாம் சரி, ஆனால் 57-இல் குரல் பக்கத்தில் வந்து பாடுவது போல இருக்குமே, அது இதில் இல்லை.’ இக்கூற்றை நான் ஏற்கவில்லை. 57-இன் ஒலி குறுகிய கற்றையாக வருவதால் அறைச்சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி குறைவு. அதனால் குரல் காதோடு ஒட்டி நிற்கிறது. இது அறையை விலக்குவதால் வரும் நெருக்கம். பாடகர் இருந்த இடத்தின் உண்மை அல்ல. 63-ஐ ஒழுங்காக வைத்தால் பாடகர் தம் இடத்தில் இருப்பார்; வயலின் சற்றுத் தள்ளி இருக்கும்; மிருதங்கம் அதற்குரிய இடத்தில் இருக்கும். முகத்தருகே வந்து பாடுவது சுகமாக இருக்கலாம். ஆனால் கச்சேரியில் யாரும் நம் முகத்தருகே வந்து பாடுவதில்லையே! ஆகவே முதல் கருவி வழி காட்டியது, இரண்டாவது கருவி ஊர் போய்ச் சேர்ந்தது என்பதே என் தீர்ப்பு.

எதிர்வாதங்கள்

அடித்தொனி போதாது என்பது முதல் குற்றச்சாட்டு. இதற்குக் காரணம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. பெட்டி இல்லாததால் படலத்தின் முன்னாலும் பின்னாலும் ஒலி புறப்படுகிறது. முன்னால் காற்று அழுந்தும்போது பின்னால் தளர்கிறது. நீண்ட அலையுள்ள தாழ்ந்த சுருதிகளில் இவ்விரண்டும் ஓரங்களைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெட்டி போட்டால் இது நின்றுவிடும். ஆனால் பெட்டியின் குரலும் உள்ளே வந்துவிடும். எதை விட்டு எதைப் பிடிப்பது என்ற கேள்வியில் வாக்கர் கலப்படத்தை விட்டார், அளவைக் குறைத்துக்கொண்டார். குறைத்துக் கொடுத்தாலும் கலந்து கொடுக்கக்கூடாது என்பது நல்ல வியாபாரியின் விதி.

சத்தம் போதாது என்பது இரண்டாவது. படலம் அதிகம் அசைய வேண்டுமானால் தகடுகளின் இடைவெளியைக் கூட்ட வேண்டும். கூட்டினால் வோல்ட்டையும் ஏற்ற வேண்டும். சாதாரணக் காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் வரைதான் தாங்கும், அதற்கு மேல் மின்பொறி பாய்ந்துவிடும். இது இயற்கை போட்ட எல்லை. எந்தக் கம்பெனியும் தாண்ட முடியாது. ராக் இசை கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கு இக்கருவி உகந்ததல்ல என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய மேற்கத்திய வாத்தியக் குழுவின் உச்சகட்ட முழக்கத்தையும் இது முழுமையாகத் தராது.

இக்குறைகளைத் தீர்க்கப் பலர் முயன்றார்கள். 1970-களில் அமெரிக்காவில் மார்க் லெவின்சன் இரண்டு 57-களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடித்தொனிக்கு ஹார்ட்லி கூம்பும் மேல்தொனிக்கு டெக்கா ரிப்பனும் சேர்த்துப் பெரும் செலவில் ஓர் அமைப்பைச் செய்தார். கான்சாஸ் மாநிலத்து மார்ட்டின் லோகன் கம்பெனி 1980-களில் படலத்தை வளைத்து, கீழே அடித்தொனிக்குக் கூம்புப் பெட்டியை இணைத்து விற்றது. கலப்பினமான இவை சத்தத்திலும் அடித்தொனியிலும் நிச்சயம் மேம்பட்டவை. ஆனால் காற்றைப் போல் லேசான படலமும் கனத்த கூம்பும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஒரு காலில் செருப்பும் மறுகாலில் பூட்ஸும் போட்டு நடப்பது போல, ஒன்று மற்றதற்குக் கைமாற்றும் இடம் கவனித்தால் காதுக்குத் தெரியும். க்வாட் கம்பெனியோ 1990-களின் இறுதியில் இன்டர்நேஷனல் ஆடியோ குரூப் கைக்குப் போய், பின்னர் உற்பத்தி சீனாவுக்கு மாறியது. அதன் 989, 2905, 2912 ஆகிய பெரிய மாடல்களில் கூடுதலாக அடித்தொனிப் பலகைகளையே சேர்த்தார்கள், பெட்டியைச் சேர்க்கவில்லை. வாக்கர் 2003-இல் மறைந்தார். அவர் வளைய முறையை மட்டும் யாரும் தொடவில்லை.

வைக்கும் முறை

இனி, பலர் சறுக்கும் இடத்துக்கு வருவோம். நகரத்தில் ஒரு பெரிய ஷோரூமில் நிலைமின் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றைச் சுவரோடு ஒட்டி, இரு பக்கமும் ஃப்ரிட்ஜ், டி.வி. நடுவே நிறுத்தியிருந்ததைப் பார்த்தேன். கேட்டால், ‘சார், எல்லா ஸ்பீக்கரும் சுவரோரம் வைத்தால்தானே பேஸ் வரும்?’ என்கிறார் விற்பனையாளர். பெட்டி ஸ்பீக்கருக்கு அது உண்மை. இதற்கு நேர் எதிர்! பின்புறத்து ஒலி தலைகீழாகப் புறப்படுவதால், சுவர் பக்கத்தில் இருந்தால் அது உடனே திரும்பி வந்து தாழ்ந்த சுருதிகளை அழிக்கும். பேஸ் இல்லை என்று புகார் செய்பவர்கள் முதலில் சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்கட்டும்.

கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 344 மீட்டர் போகும். ஸ்பீக்கர் சுவரிலிருந்து 30 சென்டிமீட்டரில் இருந்தால் பின்னொலி 60 சென்டிமீட்டர் கூடுதலாக நடந்து, ஏறக்குறைய 2 மில்லிநொடியில் முன்னொலியோடு கலந்துவிடும். காது இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு குரலைக் குழப்பும். 1 மீட்டர் தள்ளினால் ஏறக்குறைய 6 மில்லிநொடி. 1½ மீட்டர் தள்ளினால் ஏறக்குறைய 9 மில்லிநொடி. அப்போது காது அதை அறையின் எதிரொலியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும். இசைக்கு ஆழம் கூடும். ஆகவே குறைந்தது 3 அடி, முடிந்தால் 5 அடி.

அடுத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 6 முதல் 8 அடி. கேட்பவர் இடமும் அதே தூரத்தில் முக்கோணமாக அமையட்டும். இரண்டும் சற்றே உள்நோக்கித் திரும்பட்டும். பக்கச் சுவர் பற்றி அவ்வளவு பயம் வேண்டாம். இக்கருவியின் பக்கவாட்டில் ஒலி மிகக் குறைவு. சின்ன வீட்டுக்கு இது ஒரு நன்மை. பின்சுவரில் வெறும் சிமெண்ட் பரப்பு வேண்டாம், கனத்த திரையும் வேண்டாம். புத்தக அலமாரி இருந்தால் மிக நல்லது. ஒலியை விழுங்காமல் சிதறடிக்கும். நம் வீடுகளில் நூலும் இசையும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்வது பொருத்தம்தானே!

உயரம் முக்கியம். 63 சுமார் 3 அடி உயரம்தான். அதன் நடு வட்டம் தாழ்வாக இருக்கிறது. சோபாவில் அமர்பவருக்கு ஓர் அடி உயர உறுதியான மணை வேண்டும். பாயில் அமர்ந்து கேட்பவருக்குச் சற்றே பின்சாய்த்தால் போதும்.

இதெல்லாம் செய்த பிறகு சோதிக்கும் முறை ஒன்று உண்டு. ஸ்டீரியோவுக்கு முந்திய பழைய ஒற்றைத்தடப் பதிவு ஒன்றை, ஒரே குரல் பாடுவதாகப் பார்த்து, இரண்டு ஸ்பீக்கரிலும் போடுங்கள். பாடுபவர் நடுவில் ஓர் ஆள் அளவில் நிற்க வேண்டும். அகலமாகப் பரவினாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ, கம்பி மாற்றி மாட்டியிருக்கலாம் அல்லது தூரம் சமமில்லை. நாடாவால் அளந்து விரலளவாக நகர்த்துங்கள். என் வீட்டில் பழைய 63 ஜோடி ஒன்றை இப்படி நிலைநிறுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வீட்டுக்காரம்மா, ‘சாமி சிலை பிரதிஷ்டை கூட இவ்வளவு நேரம் ஆகாது’ என்றார்கள். ஆனாலும் நாலாவது ஞாயிறு அவர்களே நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றி ஒரு சொல். இந்த ஸ்பீக்கர் மின்னியல் கணக்கில் ஒரு பெரிய மின்தேக்கி. மேல்தொனி ஏற ஏற அதன் மின்தடுப்பு இறங்கிக்கொண்டே போகும். விலை மலிவான ஆம்ப்ளிஃபயர்கள் சில இதில் நிலை தடுமாறும். வாட்ஸ் எண்ணிக்கையைக் கேட்காமல், நிலைமின் சுமையைத் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நம் வீடுகளும் இக்கருவியும்

குளிர்ந்த ஹண்டிங்டனில் பிறந்த கருவி மும்பையின் ஆடி மாதத்து ஈரத்தை எப்படித் தாங்கும்? நியாயமான கேள்வி. ஈரமும் தூசியும் மின்னூட்டத்தைக் கசியவிடும்; ஒரு பக்கம் குரல் மெலியும், சிலநேரம் ‘பட் பட்’ என்ற ஓசை வரும். கடல் பக்கத்து ஜன்னலை மழைக்காலத்தில் மூடி வையுங்கள். கேட்காத நேரத்தில் பருத்தித் துணியால் மூடுங்கள். மின்னேறிய படலம் புகையின் துகளை இழுக்கும். ஆகவே சாம்பிராணிப் புகை அடுத்த அறையிலேயே இருக்கட்டும். உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் மின்னூட்டம் தங்கும். தெரியாதவர் திறக்கவே கூடாது. குழந்தைகள் கையில் கம்பி, ஊசி இருந்தால் கிட்டே விடாதீர்கள்.

விலையோ புதியது பல லட்சம். நம்மில் பெரும்பாலோர் வாங்கப் போவதில்லை. பிறகு இவ்வளவு பக்கம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் நம் பிள்ளைகளுக்குத் தெருவில் தமிழ் இல்லை, பள்ளியில் தமிழ் இல்லை. வீட்டுப் பேச்சுக்கு அடுத்தபடி அவர்கள் காதில் விழும் தமிழ் பெரும்பாலும் ஸ்பீக்கர் வழியே வருவதுதான். ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்துக் காட்டும் நுட்பம், றகரத்தின் அழுத்தம், மெய்யெழுத்துகளின் நறுக்கு, இவை எல்லாம் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ் முதல் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியில் நடப்பவை. பல பெட்டி ஸ்பீக்கர்களில் ஒரு கூம்பிலிருந்து மறு கூம்புக்கு ஒலி கைமாறும் இடம் இதற்குள்தான் விழுகிறது. பெட்டியின் முழக்கம் வேறு கீழிருந்து ஏறி எழுத்துகளை மூடுகிறது. வாட்ஸ் பெரிதாகி, சொல் கரைந்து போகிறது. ‘பாட்டுக் கேட்டோம்’ என்று பிள்ளை சொல்லும். சொல் என்ன என்று கேட்டால் விழிக்கும். அதைப் பிள்ளையின் குற்றமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நிலைமின் ஸ்பீக்கர் இந்த நடுப்பகுதியில்தான் வல்லது. ஆகவே வாங்காவிட்டாலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தங்கம் வாங்காதவனும் உரைகல்லில் மாற்றுப் பார்க்கத் தெரிந்துகொண்டால் நகையில் ஏமாற மாட்டான். இது உரைகல். இதில் ஒரு தெரிந்த குரலைக் கேட்டுவிட்டால், பிறகு எந்தக் கடையில் எந்தச் சின்னப் பெட்டி ஸ்பீக்கரைக் கேட்டாலும், எது குரல், எது பெட்டி என்று காது தானே பிரித்துவிடும். பத்தாயிரம் ரூபாயில் வாங்குகிறவருக்கும் இந்தப் பிரிவினை பயன்படும்.

வாங்கும்போது நீங்கள் கையோடு கொண்டு போக வேண்டியது உங்களுக்கு மனப்பாடமான ஒரு தமிழ்ப் பாட்டு. சத்தத்தைக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். தம்புராவின் ரீங்காரம் பாட்டின் அடியில் அறுபடாமல் ஓடுகிறதா என்று கவனியுங்கள். கேட்காமலே தொடையைத் தட்டும் ‘பேஸ்’ வந்தால் அது பதிவில் உள்ளதா, பெட்டி சேர்த்ததா என்று வேறொரு ஸ்பீக்கரில் ஒப்பிடுங்கள்.

இக்கருவி பதிவின் குறைகளையும் ஒளிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழைய பதிவுகளுக்குச் செயற்கையாக எதிரொலி கூட்டி மறுவெளியீடு செய்திருந்தால் அது உடனே அம்பலமாகும். ஒலிவாங்கியை வாயருகே ஒட்டி எடுத்த கச்சேரிப் பதிவில் மூச்சும் உமிழ்நீரும் கூடக் கேட்கும். சிலருக்கு இது பிடிக்காது. ‘எல்லாப் பாட்டையும் இனிமையாக்கித் தரும் ஸ்பீக்கர் வேண்டும்’ என்பார்கள். அவர்களுக்கு வேண்டியது இன்னொரு வாத்தியம், ஒலிபெருக்கி அல்ல.

முடிவாக

தராசுக்குத் தன் எடை என்று ஒன்று இருக்கக்கூடாது. தட்டில் வைத்ததை மட்டும் சொல்ல வேண்டும். வாக்கர் செய்தது காதுக்கான அப்படியொரு தராசு. அது பெரிய மூட்டையை நிறுக்காது, மழையில் நனையக்கூடாது, வைக்கும் இடம் சமதளமாக இருக்க வேண்டும், விலையும் அதிகம். இவை உண்மையான குறைகளே. எடையில் பொய் சொல்கிறது என்ற குறை மட்டும் அதன்மேல் இல்லை. இரண்டு கருவிகளில் 63-க்கே என் வாக்கு. வீட்டில் ஐந்தடி இடம் சுவரிலிருந்து விட முடியாதவர்கள் அதை வாங்க வேண்டாம். நல்ல சிறிய பெட்டி ஸ்பீக்கரே அவர்களுக்கு ஏற்றது. இடமும் பொறுமையும் உள்ளவர்கள் பழைய ஜோடி கிடைத்தால், பலகைகள் பழுது பார்க்கப்பட்டவையா என்று விசாரித்து, தெரிந்தவரை உடன் அழைத்துப் போய், உங்கள் பாட்டைப் போட்டுக் கேட்டபின் பணத்தை எண்ணுங்கள்.